அப்பாவின் கையைப் பிடித்திருந்த பத்து நிமிடம்

என் அப்பாவின் நுரையீரலில் இருப்பது கல். டாக்டர் அதைச் சிலிகோசிஸ் என்றார். கல்லில் துளை போடும்போது பறக்கிற தூசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பகுதி இருக்கிறது. மூக்கு தடுக்க முடியாத அளவுக்குச் சன்னமானது. அது உள்ளே போய்த் தங்கிவிடும். நுரையீரல் அதை வெளியே தள்ளப் பார்க்கும். முடியாமல் சுற்றிலும் தழும்பு கட்டிக்கொள்ளும். தழும்பு விரிந்து கொடுக்காது. விரியாத இடத்தில் காற்று தங்காது.

"கரைக்க மருந்து இருக்கா சார்?" என்று கேட்டேன்.

"கல்லைக் கரைக்க மருந்து இருந்தா உங்கப்பாவுக்குக் குவாரில வேலையே இருந்திருக்காதும்மா" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. அவரே களைத்துப் போயிருந்தார்.

அப்பா பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறார். குணமாகி அல்ல. அங்கே செய்வதற்கு மேற்கொண்டு எதுவும் இல்லை. எங்கள் சபையில், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை முன்னால் வந்து நின்று, கர்த்தர் எப்படிக் காப்பாற்றினார் என்று சாட்சி சொல்வது வழக்கம். என்னையும் கூப்பிட்டார்கள். இரண்டு ஞாயிறு ஏதோ சொல்லித் தட்டிக் கழித்தேன். மைக் முன்னால் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். கல் வேலைக்கு ஆள் போகிற வீடுகளில் யாராவது இதைப் படித்தால் முதல் பாதி உதவலாம். என்னைப்போல் விசுவாசத்துக்கு வந்து, வராத அப்பாவையோ அம்மாவையோ வைத்திருக்கிறவர்கள் கடைசிவரை படிக்க வேண்டும்.

எங்கள் ஊர் குளத்தூருக்குப் பக்கம். அப்பா பதினாறு வயதிலிருந்து குவாரியில் கம்ப்ரசர் வைத்துத் துளை போடுகிற வேலை பார்த்தவர். மூக்கில் ஒரு துண்டைச் சுற்றிக்கொள்வார், அவ்வளவுதான் பாதுகாப்பு. நான் ஒரே பிள்ளை. எனக்கு முன்னால் எங்கள் வீட்டில் பேனா பிடித்தவர் கிடையாது. இதை அடக்கமாகச் சொல்ல நான் பழகவில்லை. அப்பாவும் பழகவில்லை. ரேஷன் கடையோ பேங்க்கோ, யாராவது ஒரு தாளை நீட்டினால் போதும், "எம்பொண்ணு வாசிக்கும், அவகிட்டக் குடுங்க" என்பார். அதைச் சொல்லும்போது அவருக்கு நெஞ்சு நிமிரும். நான் பி.எஸ்சி. கணக்கு முடித்து ஒரு தனியார் பள்ளியில் டீச்சராக இருக்கிறேன்.

கல்லூரி விடுதியில்தான் நான் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டேன். ஞானஸ்நானம் எடுத்த பிறகு வீட்டில் சொன்னேன். அம்மா அழுதாள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஒனக்குப் புடிச்சிருக்குல்ல ஆத்தா, போயிட்டு வா. எனக்குச் சொல்லாத" என்றார். மூன்று வருடம் அந்த வாக்கியத்தின் மேல்தான் நாங்கள் ஒரே வீட்டில் இருந்தோம்.

பிறகு இருமல் வந்தது. உள்ளூரில் காட்டிய டாக்டர் காசநோய் என்றார். சளியை இரண்டு முறை சோதித்தும் கிருமி தெரியவில்லை, ஆனாலும் ஆறு மாதம் அந்த மாத்திரைகளையே சாப்பிட்டார். எடை குறைந்ததுதான் மிச்சம். கல் வேலை பார்த்தவர் என்பதை நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. உங்கள் வீட்டில் இருமலுக்குக் காட்டினால் என்ன வேலை, எத்தனை வருடம் என்பதை முதல் வரியாகச் சொல்லுங்கள். ஒருநாள் குளிக்கக் குடம் தூக்கியவர் தூக்கிய இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். புதுக்கோட்டைக்குக் கொண்டுபோனோம். விரலில் மாட்டுகிற கிளிப் எண்பத்தொன்று காட்டியது. ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று அது சொல்லும், தொண்ணூற்று ஐந்துக்கு மேல் இருக்க வேண்டும். ஸ்கேன் எடுத்த பிறகுதான் கல் என்று தெரிந்தது.

வார்டில் பக்கத்துக் கட்டில் கட்டுமாவடிக்காரர். மீன் வியாபாரம். பல வருடம் வெளிநாட்டில் டிரைவராக இருந்தவர், நாள்பட்ட ஆஸ்துமா. எல்லாரும் பாய் என்றே கூப்பிட்டோம். அவருடைய ரிப்போர்ட்டையும் நான்தான் வாசித்துச் சொல்வேன். "டீச்சர், நல்லதா இருந்தா சத்தமா வாசிங்க. கெட்டதா இருந்தா இங்கிலீசுலயே வச்சுக்கங்க" என்பார். இங்கிலீஷ்தான் வராது, தமிழ் அவருக்கு நன்றாகப் படிக்க வரும். தினமும் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை அப்பாவுக்கு வாசித்துக் காட்டுவார். இரண்டு பேருக்கும் ஒரே சுவரிலிருந்துதான் ஆக்சிஜன் குழாய் வரும். "கருப்பையா, மெல்ல இழுங்க, எனக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க" என்பார். அப்பா சிரிக்கப்போய் இருமுவார். பாயின் மனைவி பிளாஸ்கில் டீ கொண்டுவந்தால் அதில் ஒரு டம்ளர் என் அம்மாவுக்கு என்று முதலிலேயே ஊற்றி மூடி வைத்துவிடுவார்.

நான் இதே மாதிரி வார்டுகளுக்கு முன்பே போயிருக்கிறேன். சனிக்கிழமைகளில் சபையிலிருந்து ரொட்டி பாக்கெட்டோடு நோயாளிகளுக்காக ஜெபிக்கப் போவோம். யாரிடம் பேசலாம், யாரிடம் பேசக்கூடாது என்று பார்த்ததும் சொல்லிவிடுவேன் என்று எனக்கு அங்கே பெயர். எங்கள் குழுவை நடத்துகிற கிரேஸ் அக்கா, "செல்வி ஒரு பார்வை பார்த்துட்டுச் சொல்லட்டும்" என்பார். என் கணக்கு சுலபமானது. கேள்வி கேட்கிறவர்களிடம் பேசு. கேட்காதவர்களிடம் ரொட்டியைக் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போ. விலைமதிப்பானதை மதிப்புத் தெரியாதவர் முன்னால் போட்டு மிதிபடவிடாதே என்று வேதத்தில் இருப்பதை இப்படித்தான் நான் புரிந்துவைத்திருந்தேன்.

பாய் நிறையக் கேள்வி கேட்டார். ஐந்து நாள் கேட்டார். இயேசுவை ஆண்டவன் மேலே தூக்கிக்கொண்டாரே, எங்கே தூக்கினார், பிதா என்றால் என்ன அர்த்தம், ஒருவர் மூவர் ஆவது எப்படி. நான் பாடம் நடத்துவதுபோல் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு, "பாய், அவ வாயக் கெளறாதீங்க. நீங்க நாளைக்கு வீட்டுக்குப் போயிருவீங்க, எனக்குத்தான் ரோதனை" என்பார். ஐந்தாம் நாள் நான் ஒரு சின்னப் புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டியபோது பாய் பதறிவிட்டார். "டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. நான் கேள்வி கேக்குறது எனக்கு இன்னும் பேச மூச்சு இருக்கான்னு பாக்கத்தான். எங்களுக்கு எங்க மார்க்கம் இருக்கு."

வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன். என் கணக்கில் ஓட்டை இருக்கிறது என்று அப்போதாவது தெரிந்திருக்க வேண்டும்.

எட்டாம் நாள் அப்பா தூங்கிக்கொண்டே இருந்தார். கூப்பிட்டால் விழித்து, பேச்சின் நடுவிலேயே கண் செருகினார். மணிக்கட்டில் நாடி பார்க்கிற இடத்தில் ஊசி இறக்கி ரத்தம் எடுத்தார்கள். நரம்பில் எடுப்பதுபோல் இல்லை, இது ரொம்ப வலிக்கும். உள்ளே போகிற காற்று மட்டுமல்ல, வெளியேற வேண்டிய கரியமில வாயுவும் வெளியேறாமல் ரத்தத்தில் தேங்குகிறது, அதனால்தான் தூக்கம், முற்றினால் நினைவே தப்பும் என்றார்கள். பைபாப் என்கிற இயந்திரத்தை மாட்டினார்கள். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற மாஸ்க். தலைக்குப் பின்னால் பட்டைகள். இயந்திரம் காற்றைத் தள்ளும், நிறுத்தும், தள்ளும். நான்கு மணி நேரம் போட்டால் கஞ்சி குடிக்க அரைமணி நேரம் கழற்றலாம். அந்த நேரத்தில் மூக்கில் சின்னக் குழாய். மாஸ்க் இருக்கும்போது பேச முடியாது. மூக்குத்தண்டில் தோல் உரிந்து புண்ணானது. அம்மா பஞ்சை மடித்து மடித்து அந்த இடத்தில் வைப்பாள். பட்டைக்கு நடுவில் பிதுங்கி நிற்கிற முடியை விரலால் கோதிவிட்டுக்கொண்டே இருப்பாள்.

எங்கள் குலசாமி கோயிலிலிருந்து அம்மா திருநீறு கொண்டுவந்திருந்தாள். காலையில் அப்பா நெற்றியில் பூசினாள். நர்ஸ் பார்த்துவிட்டு, "அம்மா, பொடி எதுவும் மாஸ்க் பக்கம் வேணாம். இவருக்குத் தூசியே ஆகாது" என்று ஈரப் பஞ்சால் துடைத்தார். அப்பா தலையை ஆட்டிக்கொண்டார். மறுநாள் மாஸ்க் கழற்றியிருந்த நேரத்தில் அம்மா மறுபடி ஒரு கீற்று பூசிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனாள். நான் எழுந்துபோய் அதைத் துடைத்தேன். தூசி ஆகாது என்று சொன்னேன். அது உண்மைதான். ஆனால் பஞ்சை எடுக்க நான் போன வேகத்தை அப்பா பார்த்தார்.

பத்தாம் நாள் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இந்தத் தடவ மிஷின்ல இருந்து எறங்கிருவாரு. வீட்டுக்கும் போவாரு. ஆனா அடுத்த தடவ மாஸ்க் ஏறுச்சுன்னா எறங்குறது கஷ்டம். மாசக் கணக்குதான், வருசக் கணக்கு இல்ல." அம்மாவிடம் நான் சொல்லவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு இருந்த பயம் சாவைப் பற்றியது மட்டும் இல்லை. விசுவாசிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்கு எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. மீட்பைப் பற்றி அப்பாவுக்குச் சொல்லப்படாமலேயே அப்பா போய்விடுவார் என்று பயந்தேன். கேட்காதவர்களிடம் பேசாதே என்கிற என் கணக்கு, நேரம் இருக்கிறவர்களுக்கானது என்று அந்தப் படிக்கட்டில் முடிவு செய்தேன். கிரேஸ் அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அப்பா சம்மதிச்சாராம்மா?" என்று அக்கா கேட்டார்.

"இப்ப எதுவும் சொல்றதில்லக்கா" என்றேன்.

அக்கா அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன்.

மறுநாள் மாலை பார்வையாளர் நேரத்தில் அக்காவும் இன்னும் மூன்று பேரும் வந்தார்கள். அம்மா மாத்திரை வாங்கக் கீழே போயிருந்தாள். அதற்கும் நான்தான் அனுப்பியிருந்தேன். அப்பா மாஸ்க்கோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார், தெளிவாக இருந்தார். வந்தவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அக்கா கட்டிலின் தலைமாட்டில் நின்று மெதுவாகத்தான் பேசினார். பாவம் என்றால் என்ன, மீட்பு என்றால் என்ன, ஒரு வார்த்தை மனதுக்குள் சொன்னாலும் போதும் என்றார். நல்ல பேச்சு. நானே அதை விடத் தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டேன். பிறகு நான்கு பேரும் கண்ணை மூடி ஜெபிக்கத் தொடங்கினார்கள்.

அப்பாவின் வலது கை மாஸ்க்கை நோக்கிப் போனது. கழற்றிவிட்டுப் பேசப் போகிறார் என்று தெரிந்தது. என்ன பேசுவார் என்றும் தெரிந்தது. "கழட்டக் கூடாதுப்பா, டாக்டர் சொல்லிருக்காரு" என்று அந்தக் கையைப் பிடித்துக் கட்டிலில் அழுத்தினேன். இடது கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது, அதைத் தூக்க முடியாது. அவர் இழுத்தார். நான் விடவில்லை. ஒரு வருடத்துக்கு முன்னால் வரை கம்ப்ரசர் பிடித்த கை அது. நான் ஒரு கையாலேயே பிடித்துக்கொள்ள முடிந்தது. இயந்திரம் தள்ளியது, நிறுத்தியது, தள்ளியது. ஜெபம் பத்து நிமிடம் நடந்தது. மாஸ்க்கின் விளிம்புக்கு மேலே அப்பாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்து பஞ்சில் இறங்கியது. கண்ணைத் திறந்த கிரேஸ் அக்கா அதைப் பார்த்துவிட்டு, "கர்த்தர் தொட்டுட்டாரு செல்வி, பாரு" என்றார். மகள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபிக்கிறாள் என்று அவர்கள் நினைத்தார்கள். ஒரு அக்கா அதைப் போனில் படம்கூட எடுத்தார்.

ஆக்சிஜன் அளவு இறங்கி மானிட்டர் கத்தவும் நர்ஸ் ஓடிவந்தார். "யாருங்க இவ்வளவு பேரு? போராடுறாருங்க மனுசன், தெரியல?" என்றார். எல்லாரையும் வெளியே அனுப்பினார். நான் கையை எடுத்தபோது அப்பாவின் மணிக்கட்டில் என் விரல்களின் தடம் இருந்தது.

அன்றைக்குக் கஞ்சி நேரத்தில் நான் ஸ்பூனை நீட்டினேன். அப்பா வாயைத் திறக்கவில்லை. அம்மா வாங்கி ஊட்டினாள், குடித்தார். இரண்டு நாள் அப்படியே போனது. பாய் பேப்பர் வாசித்தார். யாரும் சிரிக்கவில்லை. பாயின் மனைவி டீயை மூடி வைத்துவிட்டு என்னை ஒருமுறை பார்த்தார்.

மூன்றாம் நாள் மாஸ்க் கழற்றிய பிறகு அப்பா என்னைக் கிட்ட வரச் சொன்னார். இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு எடுத்துத்தான் பேசினார்.

"என் வாய மூடிருக்கப்பவா கூட்டிட்டு வந்த?"

நான் அவர் மணிக்கட்டைப் பார்த்தேன்.

"வேணாம்னு சொல்லத்தான் கையத் தூக்குனேன். ஒனக்குத் தெரியும்."

"தெரியும்ப்பா."

"நெத்தியில அந்த நர்சுப் பிள்ள தொடச்சுச்சு. ஒண்ணும் தோணல. நீ தொடச்சப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "எனக்குப் பேசத் தெரியாத எடத்துல எனக்காகப் பேசுவேன்னுதான் ஆத்தா ஒன்னப் படிக்க வச்சேன்."

அதற்கு மேல் அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் விசுவாசத்துக்காக ஏச்சு வாங்கியவளாக என்னை நினைத்துக்கொண்டிருப்பேன். அந்த ஆறுதலும் கிடைக்கவில்லை.

"ஒரு தாள எடு" என்றார். "நான் சொல்றத எழுது."

அட்மிஷன் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். எனக்கு மாஸ்க் மாட்டியிருக்கும்போது யாரும் பக்கத்தில் நின்று எந்தச் சாமியையும் வேண்டக் கூடாது. நான் பேசுகிற நிலையில் இருக்கும்போது என்னைக் கேட்டுவிட்டுத்தான் எதுவும் செய்ய வேண்டும். என் மகளும் அப்படித்தான்.

அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். "நம்ம சாமியுமா வேணாங்கிறீங்க?"

"நம்ம சாமியுந்தான். அத நான் உள்ளுக்குள்ள கும்புட்டுக்குவேன். அதுக்கு ஆள் எதுக்கு?"

எழுதி முடித்து அப்பாவிடம் நீட்டினேன். வழக்கமாக, "சரியா எழுதியிருக்கியா?" என்றுகூடக் கேட்காமல் கைநாட்டு வைப்பார். அன்றைக்குத் தாளை வாங்கி, திரும்பி, பக்கத்துக் கட்டிலுக்கு நீட்டினார்.

"பாய், இத ஒருக்கா வாசிங்க."

பாய்க்குத் தர்மசங்கடமாகிவிட்டது. "டீச்சர் எழுதுனது சரியாத்தான் இருக்கும் கருப்பையா" என்றார்.

"இருக்கட்டும். வாசிங்க."

பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாக வாசித்தார். நான் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று கேட்டேன். ஒவ்வொரு வரியும் அப்பா சொன்னபடியே இருந்தது. கடைசி வரிவரை கேட்டுவிட்டுத்தான் அப்பா பெருவிரலை நீட்டினார். நர்ஸ் மேசையிலிருந்து மைப்பெட்டி வாங்கி வந்தேன். கல் வேலையில் அவர் விரலில் ரேகை தேய்ந்துவிட்டது, ரேஷன் கடை மிஷின் அவரை எப்போதும் ஏற்றுக்கொள்ளாது. தாளில் வழவழப்பாக ஒரு நீல வட்டம்தான் விழுந்தது.

பத்தொன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தோம். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தருகிற மிஷினை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். கரண்ட் போனால் சிலிண்டருக்கு மாற்றுவது நான். மாத்திரை, ஆவி பிடிப்பது, நாளைக்கு மூன்று முறை விரலில் கிளிப் மாட்டி எண்ணைக் குறிப்பது எல்லாம் நான். அப்பா மறுக்காமல் கையை நீட்டுகிறார். பேசுகிறார். பழையபடி ஆத்தா என்கிறார். ஆனால் நான் அந்த மணிக்கட்டைத் தொட்டால் ஒரு நொடி அவர் கை இறுகித் தளர்கிறது. அவருக்கே அது தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

கேட்டுவிட்டுச் செய் என்று அவர் சொல்லியிருப்பதால் கேட்கிறேன். இரண்டு முறை கேட்டுவிட்டேன். "அப்பா, ஒரு நிமிசம் ஜெபம் பண்ணட்டுமா?"

"வேணாம் ஆத்தா." கோபம் இல்லாமல்தான் சொல்கிறார்.

ஏற்றுக்கொள்ளாத வீட்டிலிருந்து புறப்படும்போது காலில் ஒட்டிய தூசியை உதறிவிட்டு வா என்றும் வேதத்தில் இருக்கிறது. சனிக்கிழமை ஊழியத்தில் அதை நாங்கள் லேசாகச் சொல்லிக்கொள்வோம். எங்கள் வீட்டுத் தூசி அப்பாவின் நெஞ்சுக்குள் இருக்கிறது. நான் குடித்த பாலும் படித்த புத்தகமும் அதிலிருந்து வந்தவை. எதை உதறுவது?

நான் நம்புவதை மாற்றிக்கொள்ளவில்லை. மாற்றிக்கொண்டிருந்தால் எனக்கு இது இவ்வளவு பாரமாக இருக்காது. எப்போது பேசுவது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. 'வேண்டாம்' என்று சொல்ல முடியாதவரிடம் பேசக்கூடாது என்பது மட்டும் தெரியும். அதைத் தெரிந்துகொள்ள நான் கொடுத்த விலை, அப்பா என்னிடம் காதைக் கொடுக்கக்கூடிய ஒரே ஒரு சமயம். அது இனி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

போன வாரத்திலிருந்து அப்பா பகலிலும் தூங்குகிறார். காலையில் கிளிப் எண்பத்து மூன்று காட்டியது. ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்து வாசலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஸ்கேனுக்கும் டிஸ்சார்ஜ் தாளுக்கும் நடுவில் அந்த நீல வட்டம் இருக்கிறது. மாஸ்க் ஏறிய பிறகு கிரேஸ் அக்கா வருவார், எங்கள் பெரியம்மா திருநீற்றோடு வருவார். அப்போது அதை எடுத்து எல்லாருக்கும் கேட்கும்படி வாசிக்க வேண்டும். எங்கள் வீட்டில் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.